நான் குடிக்காத சாராயமும் நீ சொன்ன சாட்சியும்

மகனே,

"கர்த்தருக்குள் அன்பான" என்று தொடங்கித்தான் இதுவரை எல்லாக் கடிதங்களையும் எழுதியிருக்கிறேன். சபைச் செயலாளராக இருந்த பதினேழு வருடமும் அந்த இரண்டு சொல் இல்லாமல் ஒரு தாளையும் உறைக்குள் வைத்ததில்லை. கோயில் கூரை ஒழுகுகிறது என்று எழுதினாலும் அதுதான், இன்னாரைச் சபையிலிருந்து நீக்கிவிட்டோம் என்று எழுதினாலும் அதுதான். இந்தக் கடிதத்துக்கு அது வேண்டாம். உன்மேல் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஜனவரி மாதத்திலிருந்து உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அருவருப்பு. அதற்கு மேலே ஒரு நல்ல வார்த்தையை ஒட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை நீ போன் பண்ணினாய். "அப்பா, சனிக்கிழமை பத்து மணிக்கு கமிட்டியில இருந்து ரெண்டு பேரு வீட்டுக்கு வருவாங்க. குருவானவரா அபிஷேகம் பண்றதுக்கு முன்னுக்கு வீட்டாளுங்கள பாத்துப் பேசுறது வழக்கம். என் சாட்சியப் பத்தி கேட்டாங்கன்னா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்." நான் "சரி, பாப்போம்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு முற்றத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்தேன். உண்மையாகவே கொப்பளித்தேன், உன் அம்மா பார்த்தாள். வாய்க்குள் என்னவோ கெட்டுப்போனதைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

இது மூடிய கடிதம் இல்லை. பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நீ என்னைப் பற்றிச் சொன்னதை நூறு பேருக்கு மேல் கேட்டார்கள், அதற்குப் பதில் மட்டும் உன் காதோடு போவது சரியில்லை. ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் ஒன்று விடாமல் எழுதுகிறேன். வாசிக்கிற வேறு யாருக்கும் விளங்க வேண்டும்.

ஜனவரியில் இறையியல் கல்லூரியின் கடைசி வருட மாணவனாக நம் சபைக்கே பிரசங்கம் பண்ண வந்தாய். வெள்ளை அங்கி. முப்பத்தெட்டு வயதில் என் மகன் அந்த மேடையில் ஏறுவதைப் பார்க்க நான் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வசனத்தை வாசித்தாய், நன்றாகவே விளக்கினாய். பிறகு கண்ணாடியைக் கழற்றினாய். குரலை இறக்கினாய். "எங்க அப்பா ஒரு குடிகாரர். சாராய நாத்தத்துலதான் நான் வளந்தேன். பெல்ட்டைக் கழட்டி எங்க அம்மாவ அடிப்பாரு. நான் கட்டிலுக்குக் கீழ ஒளிஞ்சிருந்து ஜெபிப்பேன். அந்த இருட்டுல இருந்துதான் ஆண்டவர் என்னைத் தூக்கினாரு" என்றாய். அழுதாய். ஒலிபெருக்கியில் உன் மூக்குறிஞ்சல் கோயில் முழுக்கக் கேட்டது. முன்வாங்கில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அதில் எதையோ தேடினேன்.

நான் பெல்ட் கட்டியதே உன் கல்யாணத்தன்றுதான், அதுவும் உன் மாமாவிடம் இரவல் வாங்கியது. உனக்கே தெரியும். சாராயம் நான் குடித்தது வாழ்க்கையில் ஒரே தடவை. நான் கணக்கு எழுதிய இரும்புக்கடையின் முதலாளி நத்தாருக்கு முதல் நாள் ஊற்றிக்கொடுத்தார், வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் குடித்தேன். வீட்டுக்கு வந்து, நீயும் அம்மாவும் ஒரு வாரமாக ஒட்டிச் செய்திருந்த இயேசு பிறப்புக் காகிதத் தொழுவத்தின்மேல் விழுந்தேன். யோசேப்பின் தலை நசுங்கிவிட்டது. அந்த நத்தார் முழுக்க நம் வீட்டில் யோசேப்பு கழுத்தில்லாமல்தான் நின்றார். உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதுதான் நீ வளர்ந்த சாராய நாற்றம்.

ஆராதனை முடிந்து தேநீர் கொடுக்கும்போது நடந்ததை நீ பார்க்கவில்லை, உன்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். உன் அம்மாவைப் பெண்கள் வரிசையில் வந்து கட்டிப்பிடித்தார்கள். "எப்படித்தான் பொறுத்தீங்களோ அக்கா" என்று ஒருத்தி கையைத் தடவினாள். எங்கே அடித்தார் என்று இன்னொருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியில் ஓர் ஆசை இருந்தது. என்னிடம் வந்தவர்கள் ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், நான் அவர்களிடம் கேட்டது மாதிரி. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சமாதான வாழ்த்துச் சொல்லக் கைகொடுக்கும்போது ஒருவர் கொஞ்சம் கிட்ட வந்து மூக்கை விரிக்கிறார். மணந்து பார்க்கிறார். அறுபத்தெட்டு வயதில் என் வாயை மணந்து பார்க்கிறார்கள், மகனே.

உன் அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒரு தடவை கைய ஓங்கியிருந்தாலும் நான் அன்னைக்கே அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். அடி வாங்கிக்கிட்டு மூலையில கெடக்கிற பொம்பளையா நானு? என்னாங்க, இவன் உங்கள மட்டுமா அசிங்கப்படுத்தினான்?" அவள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் என் மானத்தை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதை அந்த இரும்புக்கடை இருக்கும் மடவளை வரைக்கும் வந்தது. பக்கத்துக் கடை முஸ்லிம் நானா ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, யாரும் கேட்காதபடி கேட்டார்: "என்ன மாஸ்டர் செல்றாங்க இவங்க? முப்பது வருஷமா ஒரு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரிக்கிறோம். நீங்க குடிச்சா எங்களுக்கு மணக்காதா? உங்கட மகனா இதைச் சென்னது?" கோயிலில் சாட்சி சொல்லும்போது கொஞ்சம் அப்படி இப்படிச் சொல்வது வழக்கம் என்றேன். அவர், "அல்லாட வீட்டுல நிண்டுகொண்டா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். நான் அதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இது ஒரே நாளில் வந்த பொய் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்பு உன்னைக் கல்லூரிக்கு வழியனுப்பிய ஆராதனையில் நீ சொன்னது, அப்பா எப்போதாவது குடிப்பார் என்பது. அதற்கே எனக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் போகட்டும் என்று விட்டேன், அந்த யோசேப்பை நினைத்துச் சொல்கிறான் என்று. இரண்டாம் வருடம் உன்னைத் தேயிலைத் தோட்டத்துச் சபைகளுக்கு அனுப்பினார்கள், அங்கே நான் தினமும் குடித்தேன் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் வருடம் பெல்ட் வந்தது. ஒவ்வொரு சபையிலும் கொஞ்சம் கூடுதலாக அழுகை கேட்டிருக்கும், நீயும் கொடுத்திருப்பாய். நான் சும்மா இருந்தேன். படிப்பு முடியட்டும் என்று சும்மா இருந்தேன்.

ஏனென்றால் அந்தப் படிப்பு எனக்கு அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது. பல்லேகல ஆடைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் இருந்து மேற்பார்வையாளராகிவிட்டு, முப்பத்துநான்கு வயதில், பெண்டாட்டி பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய் வகுப்பில் உட்கார்ந்தாய். உன்னோடு படித்தவர்கள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், உன்னை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். முதல் தவணையில் கிரேக்க மொழிப் பாடத்தில் தவறிவிட்டு வந்து சமையலறையில் நின்றுகொண்டு, "மண்டையில ஏறல்லப்பா, நான் திரும்பி வேலைக்கே போறேன்" என்றாய். அந்த விடுமுறை முழுக்க நாம் இரண்டு பேரும் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த எழுத்துகளை எழுதி அலுமாரி, கதிரை, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றிலும் ஒட்டினோம். உன் அம்மா சட்டிக்கு மேலே ஒட்டியிருந்ததை இன்னும் கிழிக்கவில்லை. எனக்கும் பாதி எழுத்து பாடமாகிவிட்டது. குட்ஷெட் பஸ் நிலையத்தில் உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, என் மகன் குருவானவராகப் போகிறான் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லியிருக்கிறேன். அப்படிப் படித்த படிப்பை நீ கொண்டுபோய்ப் போட்ட இடம்தான் எனக்குச் சகிக்கவில்லை.

இப்போது என் முறை. உன்மேல் காறித் துப்பிவிட்டு நான் சுத்தமாகப் போக முடியாது. இந்த வித்தையை உனக்கு நான்தான் பழக்கினேன்.

செல்வத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒல்லியான மனிதர். நீ சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஊழியத்துக்குப் படிக்க விண்ணப்பம் போட வீட்டுக்கு வந்தார். விண்ணப்பத்தோடு அழைப்பின் சாட்சி ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஆண்டவர் உன்னை எப்படிக் கூப்பிட்டார் என்று. இந்தப் பக்கத்துச் சபைகளில் அதை எழுதிக் கொடுப்பது செயலாளரின் வேலை மாதிரி ஆகியிருந்தது. நான் பேனையைத் திறந்துகொண்டு சொல்லுங்கள் என்றேன். அவர், "எனக்கு ஜெபிக்கப் புடிக்குங்க சேர். சுகமில்லாதவங்க கிட்ட போயி உக்காந்திருக்கப் புடிக்கும். அவ்வளவுதாங்க" என்றார். நான் சிரித்தேன். இதைக் கொடுத்தால் தெரிவுக் குழு கொட்டாவி விடும் என்றேன். குடியா? இல்லை. பெண் விவகாரமா? அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் நானே எழுதினேன், வாழ்க்கை வெறுத்து மகாவலி ஆற்றில் குதிக்கப் போனதாகவும், பாலத்தில் நிற்கும்போது ஒரு சத்தம் கேட்டதாகவும். அவர் வேண்டாங்க வேண்டாங்க என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதல் தடவையிலேயே எடுபட்டார். நீ அதே மேசையில் கணக்குப் பாடம் செய்துகொண்டிருந்தாய். அவர் போன பிறகு, "ஐடியா நல்லாருக்குப்பா" என்று சொன்னாய். நான் பெருமைப்பட்டேன். சீ.

மூன்று வருடத்துக்கு முன் அவரைக் கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்தில் கண்டேன். ஊழியத்தை விட்டுவிட்டு மரக்கறி லொறியில் வேலை செய்கிறார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். போகிற சபையில் எல்லாம் பாலத்துச் சாட்சியைச் சொல்லுங்க பாஸ்டர் என்று கேட்டிருக்கிறார்கள். இளைஞர் முகாமில், மரண வீட்டில், ஒரு தடவை உண்மையிலேயே மகனை ஆற்றில் பறிகொடுத்த ஒரு தாய்க்கு முன்னால் நிறுத்தி, இவங்களுக்கு ஆறுதல் சொல்லுங்க என்றிருக்கிறார்கள். "அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, சாகப்போறப்ப மனசுல என்ன இருந்திச்சு ஐயா, எம் புள்ளைக்கும் அப்படித்தான் இருந்திருக்குமான்னு கேட்டாங்க சேர். நான் என்னத்த சொல்றது? அன்னையோட விட்டுட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்து அனுப்பினார். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூசி, வழியில் ஒரு மதிலில் வைத்துவிட்டு வந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். உண்மையாகவே பெல்ட்டால் அடிவாங்குகிற ஒருத்தி. இங்கே எந்தத் தோட்டத்து லயத்திலும் எந்த மாடி வீட்டிலும் அவள் இருக்கிறாள். ஐயாவுக்குத் தெரியும், ஐயா அந்த வீட்டில் வளர்ந்தவர் என்று நம்பி உன்னிடம் வருவாள். உன் அம்மா எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்பாள். நீ ஒரு கதை சொல்வாய். அதைக் கேட்டு அவள் திரும்பவும் அந்த வீட்டுக்குள் போவாள். அழவைக்கிற பிரசங்கம் உனக்கு வேண்டாம், மகனே. நாலு பேர் தூங்கினாலும் பரவாயில்லை. எனக்கு ஜெபிக்கப் பிடிக்கும் என்று செல்வம் சொன்ன மாதிரி ஒரு வாக்கியம் உன்னிடம் இருந்தால் அதைச் சொல்லிவிட்டு இறங்கு.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. நேற்று வரை உன் அம்மாவுக்கும் தெரியாது.

உனக்கு இருபது வயதாக இருந்தபோது, உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, ஊழியத்துக்குப் படிக்கப்போகிறேன் என்று விண்ணப்பப் படிவத்தை நிரப்பி என்னிடம் தந்தாய். செயலாளர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நீ எழுதியிருந்த சாட்சி அரைப் பக்கம். அதில் ஒரு பொய்யும் இல்லை. நான் அதை அனுப்பவில்லை. கோயில் அலுமாரியில் கல்லறைத் தோட்டத்துக் கோப்புக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு மாதம் கழித்து, "கமிட்டி வேணாம்னுட்டாங்க தம்பி, வயசு பத்தாதாம்" என்று சொன்னேன். நீ ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த மாதம் நானே ஆள் பிடித்து உன்னைப் பல்லேகலவில் சேர்த்துவிட்டேன். இடையில் நீ இரண்டு தடவை திரும்ப விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாய், இரண்டு தடவையும் நான்தான் பார்ப்போம் என்று தள்ளினேன். நான் பதவியை விட்ட பிறகும் உனக்குத் துணிவு வர ஒன்பது வருடம் ஆனது. ஒரு தடவை தள்ளப்பட்டவன் என்று உன்னைப் பற்றி நீயே நினைத்துக்கொண்டிருந்தாய். உன்னை யாரும் தள்ளவில்லை. உன் படிவத்தை யாரும் பார்க்கவே இல்லை.

ஏன் செய்தேன் என்றால், போதகர்களை நாங்கள் எப்படி நடத்தினோம் என்று எனக்குத் தெரியும். மனைவிக்குப் பிரசவ நோவு கண்ட போதகர் ஒருவரை, சபை வாகனத்துச் சாவிக்காக என் வீட்டு வாசலில் ஒரு மணித்தியாலம் நிற்கவைத்திருக்கிறேன், கூட்டத்தில் என்னை எதிர்த்துப் பேசினார் என்பதற்காக. அவர் என்னிடம் கெஞ்சிச் சிரித்த சிரிப்பு எனக்குத் தெரியும். என் மகன் என்னைப் போல ஒருவனின் வாசலில் அப்படி நிற்கக்கூடாது என்று நினைத்தேன். நான் மாறலாம் என்று அப்போது தோன்றவில்லை. உன்னை மாற்றுவது சுலபமாகத் தெரிந்தது.

நேற்று இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. புடைத்து முடித்து முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு அவன் ரெண்டு நாள் சாப்பிடல. வயித்து வலின்னு கசாயம் வச்சுக் கொடுத்தேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க" என்றாள். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. இது மூன்று நாளில் தீரும் என்று தோன்றவில்லை.

சனிக்கிழமை அவர்கள் வருவார்கள். நான் ஆமா சொல்ல மாட்டேன். குடிக்கவில்லை, அடிக்கவில்லை என்று சொல்வேன். செல்வத்தின் ஆற்றையும் உன் படிவத்தையும் சொல்வேன். உன் அபிஷேகம் தள்ளிப்போகலாம், நின்றே போகலாம். மருமகள் என்னை மன்னிக்க மாட்டாள். உன் வழியில் நான் குறுக்கே விழுவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை உனக்குத் தெரியாமல் செய்தேன், இந்தத் தடவை முன்கூட்டியே எழுதிவிட்டுச் செய்கிறேன். நீ ஒன்பது மணிக்கே வந்துவிட்டால், நீயே அவர்களிடம் சொல்லலாம். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், என் பங்கு வரும் வரைக்கும். வா, தம்பி.

பதினான்கு வருடத்தை உன்னிடமிருந்து எடுத்தவன் நான். நீ சாட்சி சொல்ல ஒரு மோசமான தகப்பன் தேவைப்பட்டிருந்தால், குடிகாரனைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. அந்த ஆள் மூன்றாவது வாங்கில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அப்பா